எல்லாம் தெரிந்தவன், ‘போதும்’ மட்டும் தெரியாதவன்

(தலைப்பு: மாவீரன் நெப்போலியனை வீழ்த்தியது மாற்றாரின் படையா? அவனுடைய மனமா? - ‘அவனுடைய மனமே’ என்ற அணியில் பேசியது)

     

எதிரணித் தலைவர் பேசினார். இங்கிலாந்தின் கப்பற்படையை ஒரு பக்கம் நிறுத்தினார். ரஷ்யாவின் பனியை இன்னொரு பக்கம் கொட்டினார். அவருக்குப் பின்னால் வந்த தங்கை, வாட்டர்லூவிலிருந்து வெல்லிங்டனைக் குதிரையோடு கொண்டுவந்து இந்த மேடையிலேயே நிறுத்திவிட்டார். “இத்தனை பேர் சேர்ந்து அடிச்சா ஒரு மனுஷன் என்னங்க பண்ணுவான்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் திருப்பி ஒன்றே ஒன்று கேட்கிறேன். இத்தனை பேரையும் ஒன்றாகச் சேர்த்தது யாருங்க? ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் கூடப்பிறந்த அண்ணன் தம்பியா? பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் உறவுமுறையா? ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்காத பங்காளிகள்! அந்தப் பங்காளிகளை எல்லாம் ஒரே பந்தியில் வரிசையாக உட்கார வைத்த பெருமை ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு. அவன் பெயர் நெப்போலியன்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் ஐயா, அவனைத் திட்டுவதற்கு நான் இங்கே வரவில்லை. அவன் மேலே வந்த கதையை முதலில் சொல்கிறேன். எப்படி ஏறினான் என்று தெரிந்தால்தான் எங்கே வழுக்கினான் என்பது புரியும்.

1769-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம் 15-ஆம் தேதி. நமக்கெல்லாம் மறக்க முடியாத தேதி! அன்றைக்குத்தான் கார்சிகா என்ற தீவில், அஜாக்சியோ என்ற ஊரில் நெப்போலியன் பிறந்தான். அந்தத் தீவு ஜெனோவாக்காரர்களிடமிருந்து பிரான்சின் கைக்கு மாறி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்பா கார்லோ வக்கீல். அம்மா லெத்தீசியா. பிழைத்து வளர்ந்த பிள்ளைகள் எட்டுப் பேர். வருமானமோ கைக்கும் வாய்க்கும். ஒன்பது வயதில் இவனைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். ஏழைப் பிரபு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கச் செலவில் படிக்க இடம் கொடுத்த ராணுவப் பள்ளி. பையனுக்குப் பிரெஞ்சு சரியாக வராது. வாயைத் திறந்தால் கூடப் படிக்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பிறகு பாரிஸ் ராணுவக் கல்லூரி. 1785-இல் அப்பா இறந்துபோனார். அதே வருஷம் இவன் தேர்வு எழுதினான். தேறியவர்கள் 58 பேர். நம்ம ஆள் எத்தனையாவது இடம் தெரியுமா? 42! (சிரிப்பு) மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டு பிள்ளையை விரட்டுகிற பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளே, நீங்களும் ரொம்பச் சந்தோஷப்படாதீங்க. இரண்டு வருஷப் படிப்பை அவன் ஒரே வருஷத்தில் முடித்துவிட்டு வாங்கிய இடம் அது! (கைதட்டல்) பதினாறு வயதில் பீரங்கிப் படையில் இரண்டாம் லெப்டினன்ட். அதிகாரிகளிலேயே கடைசிப் படி.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பிரபு குடும்பத்து அதிகாரிகள் பலர் நாட்டை விட்டே ஓடினார்கள். பிறப்பைப் பார்த்துப் பதவி கொடுத்த காலம் போய், திறமை இருக்கிறவனுக்கும் வாசல் திறந்தது. 1793-இல் துலோன் என்ற துறைமுகம் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. அதை மீட்கப் பிரெஞ்சுப் படை சுற்றி வளைத்தது. அந்தப் படைக்கு முதலில் தளபதியாக இருந்தவர் யார் தெரியுமா? தொழிலால் ஓர் ஓவியர்! அவரை மாற்றிவிட்டு இன்னொருவரை அனுப்பினார்கள். அவர் ஒரு வைத்தியர்! (சிரிப்பு) இருபத்துநாலு வயது பீரங்கிப் படைக் கேப்டன் நெப்போலியன் சொல்லிக்கொண்டே இருந்தான்: “ஐயா, ஊரைச் சுட்டு என்ன பிரயோஜனம்? அதோ அந்த முனையில் இருக்கிற கோட்டையைப் பிடியுங்கள். அங்கே பீரங்கியை ஏற்றினால் துறைமுகத்தில் நிற்கிற கப்பல் தானாகப் போகும். கப்பல் போனால் ஊர் தானாக விழும்.” மூன்றாவதாக வந்த தளபதி துகோமியே காது கொடுத்துக் கேட்டார். டிசம்பர் மாதம் அந்த முனையைப் பிடித்தார்கள். ஆங்கிலேயக் கப்பல்கள் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பின. துலோன் விழுந்தது. கேப்டன் நெப்போலியன் அதே இருபத்துநாலு வயதில் ஜெனரல் ஆனான்!

இந்த இடத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், நடுவர் ஐயா. ஒரு சின்னப் பையன், மேலதிகாரியைப் பார்த்து, “நீங்கள் செய்வது சரியில்லை” என்று சொன்னான். அதைக் கேட்க ஓர் ஆள் இருந்தார். அதனால்தான் நெப்போலியன் என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. கடைசியில் மறுபடியும் இந்த இடத்துக்கு வருவேன்.

1796-இல் இத்தாலியப் படையெடுப்புக்குத் தலைமை. வயது இருபத்தாறு. அவனிடம் கொடுத்த படையில் பாதிப் பேர் காலில் செருப்புக்கூட ஒழுங்காக இல்லை. ஒரு வருஷத்துச் சொச்சத்தில் ஆஸ்திரியாவைச் சமாதானத்துக்கு இறங்கிவரச் செய்தான். 1798-இல் எகிப்து. போர்வீரர்களோடு கணித அறிஞர், ரசாயன அறிஞர், ஓவியர் என்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அறிவாளிகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனான். பழைய எகிப்து எழுத்தைப் படிக்க உதவிய ரோசெட்டாக் கல் அந்தப் படையெடுப்பில்தான், 1799-இல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் பாரிசில் ஆட்சியைப் பிடித்தான். முதல் கான்சல். வயது முப்பது! நம்ம வீட்டில் முப்பது வயசுப் பையனுக்கு அப்போதுதான் பொண்ணு பார்க்க ஆரம்பிக்கிறோம். (சிரிப்பு)

சரி, ஆட்சியைப் பிடித்தவன் என்ன செய்தான்? 1800-இல் பிரான்ஸ் வங்கி. 1802-இல் அரசு உயர்நிலைப் பள்ளிகள். 1804-இல் உரிமையியல் சட்டத் தொகுப்பு. மொத்தம் 2281 பிரிவுகள்! அதுவரைக்கும் பிரான்சில் வடக்கே ஒரு சட்டம், தெற்கே ஒரு சட்டம். எல்லாவற்றையும் ஒன்றாக்கி, சாதாரணக் குடிமகன் படித்துப் புரிந்துகொள்கிற மொழியில் எழுத வைத்தான். சட்ட வல்லுநர்கள் கூடிய கூட்டங்களில் ஏறத்தாழப் பாதிக்குத் தானே தலைமை தாங்கி உட்கார்ந்தான். அவர்கள் மறுத்துப் பேசுவார்கள். இவன் வாதாடுவான். போர்க்களத்துக்காரன் வக்கீல்களோடு உட்கார்ந்து பாடம் கேட்ட காலம் அது. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி நம் புதுச்சேரியில் சில குடும்பங்கள் தங்கள் சமயவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டன. அவர்கள் ஏற்றுக்கொண்டது இந்தச் சட்ட மரபைத்தான்.

ஆனால் தாய்மார்களே, ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். அந்தச் சட்டத்தில், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று ஒரு பிரிவும் எழுதி வைத்தார்கள். ஐரோப்பா முழுக்கக் கீழ்ப்படிந்தது. வீட்டில் ஜோசபின் கீழ்ப்படிந்தாளா என்று மட்டும் கேட்காதீர்கள்! (பலத்த சிரிப்பு)

ஆக, நல்லது செய்தான். அதை மறைக்கவில்லை. அப்புறம் எங்கே வழுக்கினான்? அவன் தோற்ற நாளிலிருந்து கணக்குப் பார்க்கிறார் எதிரணித் தலைவர். நான், அவன் ஜெயித்துக்கொண்டிருந்த நாளிலிருந்தே பார்க்கிறேன்.

1800-ஆம் ஆண்டு ஜனவரி. ஆட்சிக்கு வந்து இரண்டே மாதம். பாரிசில் 73 அரசியல் பத்திரிகைகள் வந்துகொண்டிருந்தன. ஒரே ஆணையில் 60 பத்திரிகைகளை மூடினான். மிச்சம் 13. பிறகு அதுவும் குறைந்து 1811-இல் நாலே நாலு. இன்னொன்று சொல்கிறேன். திரிபுனேட் என்று ஒரு சபை இருந்தது. அதன் வேலை என்ன தெரியுமா? சட்டங்களைப் பற்றி விவாதம் பண்ணலாம். ஆனால் ஓட்டுப் போட முடியாது. வெறும் பேச்சுதான். அதாவது நம்மள மாதிரி! (சிரிப்பு) அதைக்கூட அவனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1802-இல் எதிர்த்துப் பேசினவர்களை வெளியே அனுப்பினான். 1807-இல் சபையையே இழுத்து மூடினான். ஐரோப்பாவே பார்த்து நடுங்கிய மனுஷன், ஒரு பட்டிமன்றத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான் ஐயா! (நீண்ட கைதட்டல்)

அதே 1802-இல் இன்னொரு காரியம். பிரெஞ்சுப் புரட்சி 1794-இல் அடிமைமுறையை ஒழித்திருந்தது. நெப்போலியன் அதை மீண்டும் சட்டமாக்கினான். கரும்புத் தோட்டங்களின் லாபம் கண்ணை மறைத்தது. சான் தொமிங்கு என்ற தீவை அடக்கப் பெரும்படையை அனுப்பினான். அடிமையாகப் பிறந்து தலைவனான துசான் லூவெர்த்யூரை வஞ்சகமாகப் பிடித்துப் பிரான்சுக்குக் கொண்டுவந்து மலைக்கோட்டையில் அடைத்தான். குளிரில் வாடி 1803-இல் அவர் இறந்தார். ஆனால் அந்த மக்கள் விடவில்லை. மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து பிரெஞ்சுப் படையைத் தின்றது. 1804 ஜனவரி முதல் நாள் ஹைத்தி என்ற சுதந்திர நாடு பிறந்தது. எதிரணி நண்பர்களே, இது எந்தப் பேரரசின் வலிமை? எந்தக் கப்பற்படையின் வலிமை? சங்கிலியை மறுபடியும் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று நின்ற மனிதர்களின் வலிமை! அந்த எதிரியைத் தேடிப்போய் உண்டாக்கியது இவன்தானே?

1804 டிசம்பர் 2. பாரிஸ் நோத்ர தாம் பேராலயம். போப்பாண்டவரையே ரோமிலிருந்து வரவழைத்து உட்கார வைத்துவிட்டு, கிரீடத்தைத் தன் கையாலேயே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். பேரரசன்! அந்த விழாவுக்குப் பெற்ற தாய் வரவில்லை. பிள்ளைகளுக்குள் இருந்த மனஸ்தாபத்தில் ரோமிலேயே இருந்துவிட்டார். ஆனால் விழாவை வரைந்த ஓவியர் தாவீத், அந்த அம்மா நடுவில் உட்கார்ந்து பார்ப்பதாகவே படம் போட்டுவிட்டார்! கல்யாண ஆல்பத்தில் வராத மாமாவைச் சேர்த்து ஒட்டுகிற வேலை அன்றைக்கே இருந்திருக்கிறது. (சிரிப்பு)

நம்ம ஊரில் ஒருத்தன் பெரிய ஆளானால் தம்பிக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுப்பான். இவன் நாடே வாங்கிக் கொடுத்தான்! அண்ணன் ஜோசப்புக்கு நேப்பிள்ஸ், பிறகு ஸ்பெயின். தம்பி லூயிக்கு ஹாலந்து. கடைசித் தம்பி ஜெரோமுக்கு வெஸ்ட்பாலியா. தங்கை புருஷன் முராவுக்கு, அண்ணன் காலி பண்ணிய நேப்பிள்ஸ்! இதையெல்லாம் பார்த்து அம்மா லெத்தீசியா மட்டும் சிக்கனமாகப் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இதெல்லாம் நிலைக்கணுமே என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். நடுவர் ஐயா, அந்த மாளிகையில் கணக்குத் தெரிந்தவர் அந்த அம்மா ஒருத்தர்தான்.

இப்போது எதிரணியின் முதல் ஆயுதத்துக்கு வருகிறேன். டிரபால்கர் கடற்போர். 1805 அக்டோபர் 21. நெல்சன் ஜெயித்தார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஆறே வாரம் கழித்து, டிசம்பர் 2-ஆம் தேதி, ஆஸ்டர்லிட்சில் ஆஸ்திரியப் படையையும் ரஷ்யப் படையையும் ஒரே நாளில் நெப்போலியன் முறியடித்தான். கடலில் தோற்ற பிறகு பத்து வருஷம் ஐரோப்பாவை ஆட்டி வைத்தான். அப்படியென்றால் டிரபால்கர் அவனை வீழ்த்தியதா? இல்லை. கடல் அவனுக்கு ஒரு வேலி போட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கண்டமே கிடந்தது. அது போதாதா ஒரு மனுஷனுக்கு?

போதவில்லை! கடலில் அடிக்க முடியாத இங்கிலாந்தைக் கடையில் அடிக்கிறேன் என்று கிளம்பினான். 1806-இல் பெர்லினிலிருந்து ஓர் ஆணை. ஐரோப்பாவில் யாரும் இங்கிலாந்துச் சரக்கை வாங்கக் கூடாது, விற்கக் கூடாது. நடக்கிற காரியமா? கடத்தல் பெருகியது. சர்க்கரை, காப்பி விலை ஏறியது. போர்ச்சுக்கல் கேட்கவில்லை. அதைப் பிடிக்க ஸ்பெயின் வழியாகப் போனான். போனவன் சும்மா போகாமல், தன்னோடு நட்பாக இருந்த ஸ்பெயின் ராஜாவையே இறக்கிவிட்டு, 1808-இல் அண்ணனை உட்கார வைத்தான். ஸ்பெயின் ஜனங்கள் எழுந்தார்கள். மலையிலும் காட்டிலும் மறைந்திருந்து தாக்கினார்கள். ‘கெரில்லா’ என்கிறோமே, சின்னச் சண்டை என்று பொருள்படும் அந்த ஸ்பானியச் சொல் உலகத்துக்குப் பரவியது இந்தப் போரில்தான். ஆறு வருஷம் அந்தப் புண் ஆறவே இல்லை. நட்பு நாட்டை எதிரி நாடாக்கியது மாற்றார் படையா? அவன் மனமா?

இரண்டாவது ஆயுதம், ரஷ்யாவின் பனி. இதற்கு எல்லோரும் கை தட்டினீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கோலன்கூர் என்று ஒரு மனிதர். ரஷ்யாவில் நெப்போலியனின் தூதராக இருந்தவர். 1811-இல் திரும்பி வந்து மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார். ரஷ்ய மன்னர் அலெக்சாண்டர் எத்தனை தூரம் வேண்டுமானாலும் பின்வாங்குவாரே தவிர பணியமாட்டார், அந்த நாட்டின் தூரமும் குளிரும் நமக்கு எதிராகச் சண்டை போடும் என்று சொன்னார். ஜோசியம் இல்லை. பார்த்துவிட்டு வந்து சொன்னது! நெப்போலியன் என்ன செய்தான்? நீ ரஷ்யக்காரனாகவே மாறிவிட்டாய் என்று கேலி பேசினான். துலோனில் இருபத்துநாலு வயதுப் பையன் சொன்னதைக் கேட்க ஒரு துகோமியே இருந்தார். இங்கே கோலன்கூர் சொன்னதைக் கேட்க, அந்தப் பழைய பையனே இல்லை. (கைதட்டல்)

1812 ஜூன் 24. நீமென் ஆற்றைக் கடந்தார்கள். பிரெஞ்சுக்காரர், போலந்துக்காரர், ஜெர்மானியர், இத்தாலியர் என்று கடல் மாதிரிப் படை. மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1869-இல் இந்தப் படையெடுப்பை ஒரே படமாக வரைந்தார். போகிற வழியில் படையின் அளவு ஒரு பட்டையாக இருக்கும். நீமென் ஆற்றங்கரையில் 4,22,000 பேர். கை அகலப் பட்டை. மாஸ்கோ போய்ச் சேரும்போது எத்தனை தெரியுமா? ஒரு லட்சம்! செப்டம்பர் 14. இன்னும் ஒரு சொட்டுப் பனிகூட விழவில்லை ஐயா! வழிக்காவலுக்கு விட்டுவிட்டு வந்தவர்களைக் கழித்துப் பார்த்தாலும், வெயிலில், பசியில், காய்ச்சலில், பொரொடினோ போர்க்களத்தில் போனவர்கள் எத்தனை ஆயிரம்! லித்துவேனியாவின் வில்னியஸ் நகரத்தில் 2001-இல் கட்டடம் கட்டத் தோண்டினபோது, பின்வாங்கி வந்த அந்தப் படையின் வீரர்கள் மூவாயிரம் பேருக்கு மேல் ஒரே குழியில் கிடந்தார்கள். அவர்கள் பல்லை எடுத்து விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். பேன் மூலம் பரவுகிற நோய்களின் தடயம் கிடைத்தது. உலகத்தைப் பிடிக்கப் போன படையைப் பேன் பிடித்துவிட்டது!

மாஸ்கோ காலியாகக் கிடந்தது. தீப்பிடித்து எரிந்தது. சரி, உடனே திரும்பியிருக்கலாம் இல்லையா? ஐந்து வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான். ரஷ்ய மன்னரிடமிருந்து சமாதானக் கடிதம் வரும், வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரவே இல்லை. அக்டோபர் 19-ஆம் தேதிதான் கிளம்பினான். அதற்குப் பிறகுதான் பனி வந்தது. பனி அவனைத் தேடி வந்ததா, அவன் பனி வரும் வரைக்கும் காத்திருந்தானா? நீங்களே சொல்லுங்கள்! மினார் படத்தில் திரும்பி வருகிற கோடு நூல் மாதிரி. நீமென் கரையில் மிச்சம் 10,000 பேர்.

டிசம்பர் 5-ஆம் தேதி, மிச்சமிருந்த படையை விட்டுவிட்டு நெப்போலியன் பனிச்சறுக்கு வண்டியில் பாரிசுக்குப் புறப்பட்டான். பக்கத்தில் உட்கார்ந்து பதின்மூன்று நாள் கூடவே வந்தவர் யார்? அதே கோலன்கூர்! ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும்! நம்ம வீட்டில் என்றால் பதின்மூன்று நாளும் அதை மட்டுமேதான் சொல்லியிருப்பார்கள். (சிரிப்பு)

இப்போது என் வாதத்தின் உயிருக்கு வருகிறேன். மாற்றாரின் வலிமைதான் அவனை வீழ்த்தியது என்கிறார்களே, அந்த மாற்றார் அவனைப் பார்த்து, “நீ சிம்மாசனத்திலேயே இரு, எங்களை விட்டால் போதும்” என்று மூன்று தடவை சொன்னார்கள். மூன்று தடவை!

முதல் தடவை, 1813 ஜூன் 26. டிரெஸ்டன் நகரம். வந்தவர் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக். ஆஸ்திரியா யார்? 1810-இல் ஜோசபினை விலக்கிவிட்டு இவன் கட்டிய மரி லூயிசின் அப்பா வீடு! மாமனார் வீட்டுத் தூது ஐயா! “போலந்தை விடு, பிரஷ்யாவிடம் பிடுங்கியதைக் கொடு, எங்கள் கடற்கரையைத் திருப்பிக் கொடு. சமாதானமாகப் போகலாம்” என்றார்கள். பிரான்சும் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். மணிக்கணக்கில் பேச்சு. மறுத்துவிட்டான். பரம்பரை ராஜாக்கள் எத்தனை தடவை தோற்றாலும் அரண்மனைக்குத் திரும்பலாம், வாளால் வந்த நான் தோற்றுவிட்டுத் திரும்ப முடியாது என்ற பொருளில் அவன் சொன்னதாக மெட்டர்னிக் எழுதி வைத்திருக்கிறார். எதிரணியினர் இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது மாற்றானின் படை இல்லை, அவன் மனசுக்குள் இருந்த பயம்! அக்டோபரில் லைப்சிக் போர். நாலு நாள். இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ ஐந்து லட்சம் வீரர்கள். தோற்றான்.

இரண்டாவது தடவை, 1813 நவம்பர். பிராங்க்பர்ட்டிலிருந்து செய்தி. “ஆல்ப்ஸ் மலை, பிரனீஸ் மலை, ரைன் நதி. இந்த எல்லைக்குள் இருந்துகொள்.” ஜெயித்தவர்கள் தோற்றவனுக்குக் கொடுக்கிறார்கள்! பட்டும் படாமல் பதில் எழுதினான். பிறகு கோலன்கூரையே வெளியுறவு அமைச்சராக்கி, சம்மதம் சொல்ல வைத்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

மூன்றாவது தடவை, 1814 பிப்ரவரி. சாத்தியோன் என்ற ஊர். இப்போது பேரம் இன்னும் இறங்கிவிட்டது. 1792-இல் இருந்த பிரான்ஸ் மட்டும். பேசப் போனவர் மறுபடியும் கோலன்கூர்தான். அதற்குள் சின்னச் சின்னப் போர்களில் நாலைந்து வெற்றி கிடைத்தது. அவ்வளவுதான், தலை நிமிர்ந்துவிட்டது. வேண்டாம் என்றான். காலையில் நூறு ரூபாய்க்குக் கேட்டபோது கொடுக்காமல், மத்தியானம் எழுபதுக்குக் கொடுக்காமல், சாயந்திரம் கூடையோடு அழுகின தக்காளியைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வியாபாரி மாதிரி நின்றான் ஐயா அந்த மாவீரன்! (கைதட்டல்)

தக்காளி அழுகினால் நஷ்டம் வியாபாரிக்கு. இங்கே நஷ்டம் யாருக்கு? பெரியவர்கள் எல்லாம் ரஷ்யாவிலும் லைப்சிக்கிலும் போய்விட்டார்கள். மீசை முளைக்காத பிள்ளைகளைப் படைக்கு அழைத்தார்கள். அரசி மரி லூயிசின் பெயரில் ஆணை வந்ததால் அந்தப் பிள்ளைகளுக்கு ‘மரி லூயிஸ்கள்’ என்றே பெயர். துப்பாக்கியில் மருந்து கெட்டிக்கத் தெரியாத பிள்ளைகள். தாய்மார்களே, ஒவ்வொரு தடவை அவன் ‘வேண்டாம்’ என்று சொன்னபோதும், ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு தாய் வாசலில் நின்று பிள்ளையை அனுப்பினாள். இதைப் பற்றிப் பாரிசில் எழுத பத்திரிகை இல்லை. கேட்க திரிபுனேட் இல்லை. வாயை எல்லாம் முன்னாலேயே மூடிவிட்டானே! (அரங்கில் அமைதி)

மார்ச் 31-இல் பாரிஸ் விழுந்தது. ஏப்ரல் மாதம் அவனுடைய சொந்தத் தளபதிகளே, நேய் உட்பட, எதிரில் வந்து நின்று, இனி படை நகராது என்றார்கள். முதன்முதலாக அவன் முகத்துக்கு நேரே கூட்டாகச் சொன்ன ‘போதும்’ அது. சொல்லும்போது எல்லாம் முடிந்திருந்தது. முடி துறந்தான்.

அப்போதும் எல்பா என்ற தீவைக் கொடுத்தார்கள். பேரரசன் என்ற பட்டத்தையும் விட்டுவைத்தார்கள். அங்கே பத்து மாதத்தில் ரோடு போட்டான், சுரங்கத்தைச் சீர்திருத்தினான். நல்ல நிர்வாகி என்று காட்டினான். தங்கியிருக்கலாமே? 1815 பிப்ரவரி 26-இல் தப்பினான். கிரனோபிள் பக்கத்தில் அவனைப் பிடிக்க வந்த சிப்பாய்கள் முன்னால், கோட்டைத் திறந்து நெஞ்சைக் காட்டி நின்றான். ஒருத்தனும் சுடவில்லை. வாழ்க என்று கோஷம் போட்டு அவனோடேயே சேர்ந்துகொண்டார்கள். என்ன தைரியம்! மார்ச் 20-இல் மறுபடி பாரிஸ். இந்தத் தடவை நான் சமாதானமாக இருக்கிறேன் என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பினான். யாரும் நம்பவில்லை. மூன்று தடவை சமாதானத்தைத் தள்ளியவன் வார்த்தையை யார் நம்புவார்?

தங்கை, இப்போது உங்கள் வெல்லிங்டனுக்கு வருகிறேன். அவர் நமக்குத் தெரியாத ஆளா? 1799-இல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் விழுந்தபோது அங்கே இருந்த கர்னல் ஆர்தர் வெல்லஸ்லிதான் அவர். அந்த ஆண்டு ஜனவரியில் எகிப்திலிருந்து திப்புவுக்கு உதவி செய்ய வருவதாக நெப்போலியன் கடிதம் எழுதினான். கடிதம் வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது. கடிதமும் சேரவில்லை, ஆளும் வரவில்லை. பதினாறு வருஷம் கழித்து அதே வெல்லஸ்லி வாட்டர்லூவில் எதிரே நின்றார். ஜூன் 18. சாயந்திரம் பிரஷ்யத் தளபதி புளூச்சர் வந்து சேர்ந்தார். கதை முடிந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நெப்போலியன் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பின்னால் ஆஸ்திரியப் படை வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ரஷ்யப் படை. ஒரு வாட்டர்லூவில் தப்பினால் இன்னொரு வாட்டர்லூ. வெல்லிங்டன் அடித்தது ஏற்கனவே உளுத்துப்போன மரத்தில் கடைசி வெட்டு. மரத்தை உள்ளே இருந்து அரித்தது எது என்பதுதானே நம்ம தலைப்பு?

1815 அக்டோபரில் செயின்ட் ஹெலினா. அட்லாண்டிக் கடல் நடுவே, கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தமான தீவு. இந்தியாவிலிருந்து ஊர் திரும்பும்போது 1805-இல் வெல்லஸ்லி தங்கிய அதே இடத்தில்தான் நெப்போலியனும் முதல் சில வாரங்கள் தங்கினான். அதன் பிறகு ஐந்தரை வருஷம், தன் கதையைத் தானே சொல்லி எழுத வைத்துக்கொண்டிருந்தான். 1821 மே 5-இல், 51 வயதில் இறந்தான்.

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடித்துவிடுகிறேன் ஐயா. மணி அடித்தவுடன் முடிக்கிற பழக்கம் நெப்போலியனுக்கு இல்லை, எனக்கு உண்டு. (சிரிப்பு, கைதட்டல்)

கோலன்கூர் போன்ற ஓர் ஆள் அவனுக்கு வாய்த்தார். துலோனில் துகோமியே கேட்ட மாதிரி இவனும் ஒரு மணி நேரம் காது கொடுத்துக் கேட்டிருந்தால், நாலு லட்சம் பேர் நீமென் ஆற்றைக் கடந்திருக்க மாட்டார்கள். மாற்றார் படை அவனுக்கு எதிரே நின்றது உண்மை. ஆனால் எதிரே நின்ற படை மூன்று தடவை கதவைத் திறந்துவிட்டது. மூன்று தடவையும் உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டவன் அவன்தான். நம்ம வீடுகளிலும், கடனை வாங்கிக் கல்யாணம் பண்ணும்போது, பிள்ளையைத் தாங்க முடியாத படிப்பில் தள்ளும்போது, “போதுங்க” என்று சொல்கிற ஒரு குரல் இருக்கும். மனைவியாக இருக்கலாம், வயசான அம்மாவாக இருக்கலாம். அந்தக் குரலை மட்டும் அடக்கிவிடாதீர்கள்.

நெப்போலியனை வீழ்த்தியது மாற்றாரின் படை அல்ல, அவனுடைய மனமே, மனமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் ஐயா அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)